ஐந்திலிருந்து ஆறுக்கு: பள்ளி மாறும் குழந்தையின் குடும்பத்தை ஆயத்தப்படுத்தும் முறை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படிக்கக் குழந்தை ஒரு நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கோ போயாக வேண்டும். ஊர்ப் பேச்சில் இது சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான படிப்பை ஒரே உரிமையாகத் தருகிறது. நடப்பிலோ அந்த உரிமை இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடக்கிறது. மாநில விதிகளின்படி, தொடக்க வகுப்புகள் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்; ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 3 கிலோமீட்டர் வரை தள்ளி இருக்கலாம்.

தொலைவோடு சேர்ந்து பள்ளியின் இயல்பும் மாறுகிறது. சட்டத்தின் அட்டவணைப்படி, அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 மணி நேரப் படிப்பு. ஆறாம் வகுப்பில் அது 220 நாள்கள், 1,000 மணி நேரம் ஆகிறது. மொழிக்கு ஒருவர், அறிவியல்-கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் எனப் பாடவாரியாக ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒரே டீச்சரின் முகத்தை நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய குழந்தை, பீரியடுக்கு ஒரு முகம் மாறும் வகுப்பில் உட்காருகிறது. அந்தப் பழைய டீச்சருக்குக் குழந்தையின் அம்மா எந்தக் காட்டில் வேலைக்குப் போகிறார், அப்பா ஊரில் இருக்கிறாரா, வீட்டில் யார் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பெரிய பள்ளிக்கூடத்தில் அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் எளிதில் வாய்ப்பில்லை. குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடையே பேச்சு அறுந்துபோகும் இடம் இதுதான்.

இந்த மாற்றத்துக்குக் குடும்பங்களை ஆயத்தப்படுத்த இப்போது நடப்பவை சில உண்டு. அண்மை ஆண்டுகளில் மார்ச் மாதத்திலேயே அரசுப் பள்ளிகளின் மாணவர் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் சுற்று வட்டார ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களின் விவரம் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் ‘காமன் பூல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. குழந்தையைச் சேர்க்கும் பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துக்கொள்கிறது. ஜூனில் பல பள்ளிகள் முதல் சில வாரங்களுக்கு அடிப்படைப் பாடங்களை மறுபடி நடத்துகின்றன.

இந்த ஏற்பாட்டின் பெரிய வலிமை, பெயர் தொலையாமல் பார்த்துக்கொள்வது. பொதுத் தொகுப்பில் ஒரு பெயர் எடுக்கப்படாமல் கிடந்தால் அந்தக் குழந்தை எங்கும் சேரவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. யாராவது தேடிப் போயாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கவோ தீப்பெட்டி ஒட்டவோ போன குழந்தையை எந்தப் பதிவேடும் தேடவில்லை. சட்டமும் பெற்றோர் பக்கம் நிற்கிறது. குழந்தை வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தால் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இன்னொரு வாசலும் அடைபடாமல் தப்பியது. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பள்ளி மாறும் புள்ளியிலேயே ஒரு பொதுத்தேர்வையும் வைத்திருந்தால், படிப்பறிவு குறைந்த வீடுகள் அதைப் ‘போதும், நிறுத்திக்கொள்’ என்ற சேதியாகவே எடுத்திருக்கும். அதைக் கைவிட்டது சரியான முடிவு.

வீடு தேடி வரும் ஆசிரியர் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் சலுகைகளும் உண்மையான கனம் உள்ளவை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெறுவோருக்கு, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவற்றிலும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளி என்று எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னாலும் எதிரொலிக்கும். இதைப் பெற்றோர் அந்த வேளையிலேயே அறிந்திருப்பது மிகவும் தேவை.

குறை இங்கேதான் தொடங்குகிறது. சொல்லப்படுபவை பெரும்பாலும் சேர்வதற்கான காரணங்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொரு நாளும் வீடு எப்படி நடக்கும் என்பது பேச்சில் வருவதில்லை. சேர்க்கை எண்ணிக்கையே பள்ளியின் பணியிடங்களைத் தீர்மானிப்பதால், ஆசிரியரின் வருகை ஆள் சேர்க்கும் வருகையாகச் சுருங்கிவிடுகிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்ததாகிவிடுகிறது. கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு அப்போதுதான் கேள்விகள் எழுகின்றன.

காலை உணவை எடுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. மதியச் சத்துணவு ஆறாம் வகுப்பிலும் தொடரும். காலைச் சாப்பாடு அப்படியல்ல. விடிகாலையில் நடவுக்கோ களையெடுக்கவோ போகும் தாய், குழந்தை பள்ளியில் சாப்பிட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பழகியவர். ஜூன் மாதத்தில் அந்த நம்பிக்கை முறிகிறது. அதே மாதத்தில் குழந்தை முன்பைவிடச் சீக்கிரம் கிளம்பி, முன்பைவிடத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. முதல் பீரியடில் தலை சாய்த்துப் படுக்கும் குழந்தையைப் பற்றிப் புதிய ஆசிரியர் ‘கவனம் இல்லை’ என்று எழுதினால், அது பசியைப் பற்றிய தவறான குறிப்பு. இதை ஏப்ரலிலேயே ஒரு வரியில் சொல்லி எச்சரித்திருக்கலாம். திட்டத்தை எட்டாம் வகுப்பு வரை நீட்டுவது அதைவிட நல்லது.

வழியும் அப்படித்தான். சீருடை அணிந்த மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் பயணம் இலவசம். ஆனால் பல சிற்றூர்களுக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ்தான்; அதைத் தவறவிட்டால் அன்றைய பள்ளி போயிற்று. யாரோடு போகும், மாலையில் எங்கே நிற்கும், பஸ் வராவிட்டால் யாருக்குச் சொல்லும் என்பதைக் குடும்பமும் பள்ளியும் சேர்ந்து முன்கூட்டியே பேசும் வழக்கம் அரிது. பெண் குழந்தை என்றால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பூப்பெய்தும் காலமும் பள்ளி மாறும் காலமும் ஒன்றாக வருகின்றன. சடங்குக்காகப் பல நாள் வீட்டில் இருத்தும் வழக்கம் உள்ள குடும்பத்துப் பிள்ளை, பழகாத பள்ளிக்குத் திரும்பும்போது விட்டுப்போன பாடத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாள். கழிப்பறையில் தண்ணீர் வருமா, நாப்கின் யாரிடம் கேட்பது, திடீரென வயிற்றுவலி வந்தால் எந்த டீச்சரிடம் சொல்வது என்பவை பாடத்திட்டத்தைவிட முதலில் தெரிய வேண்டியவை. வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் தருகிறது. அதைக் கேட்டு வாங்கும் துணிவு புதிய பள்ளியின் முதல் மாதத்தில் தானாக வந்துவிடாது.

பயிற்றுமொழி பற்றிய முடிவு மிக அவசரமாக எடுக்கப்படுகிறது. பல அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரண்டு பிரிவுகள் இருப்பதால், சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ‘எந்த மீடியம்?’ என்று கேட்கிறார். தொடக்கப் பள்ளி முழுவதும் தமிழில் படித்த குழந்தைக்கு, அறிவியலையும் கணக்கையும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற்றும் அந்தப் பதில் அரை நிமிடத்தில் சொல்லப்படுகிறது. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஏக்கமே பெற்றோரை ஆங்கிலவழி என்று சொல்ல வைக்கிறது. அந்த ஏக்கம் மதிக்கத்தக்கது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து, குழந்தை தமிழில் எப்படி வாசிக்கிறது, ஆங்கிலத்தில் எவ்வளவு தொடர்ந்து வர முடிகிறது என்று முன்பே பேசியிருந்தால் அந்த ஏக்கத்துக்கு உரிய மரியாதை கிடைத்திருக்கும்.

தனியார் பள்ளிகளை நாடும் குடும்பங்களின் நிலை வேறு. ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வைப்பதும் பெற்றோரை நேர்காணல் செய்வதும் பல இடங்களில் இயல்பாக நடக்கின்றன. குழந்தையையோ பெற்றோரையோ எந்த வகை வடிகட்டலுக்கும் உட்படுத்தக் கூடாது என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுத்திருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அதனால் கோடை விடுமுறை டியூஷனில் கரைகிறது.

இந்த விடுமுறைதான் முழு ஏற்பாட்டின் ஓட்டை. ஏப்ரல் இறுதியோடு ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் பொறுப்பு முடிகிறது. ஆறாம் வகுப்பு ஆசிரியரின் பொறுப்பு ஜூனில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட வாரங்களில் குழந்தை எந்தப் பள்ளியையும் சேர்ந்ததல்ல. நிர்வாகப் பிரிவு இந்த இடைவெளியை அகலப்படுத்துகிறது: தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ், வட்டாரக் கல்வி அலுவலரின் பார்வையில் இயங்குகின்றன; உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. பெயரும் எண்ணும் இந்த எல்லையைக் கடந்து போகின்றன. குழந்தையைப் பற்றிய அறிவு கடப்பதில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது இன்னும் கொடிது. சேர்க்கை நடக்கும் மாதங்களும் சூளையில் வேலை நடக்கும் மாதங்களும் ஒன்றே. வீடு தேடி வரும் ஆசிரியர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்.

பள்ளி மேலாண்மைக் குழுவும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. 2022-இல் மறுகட்டமைக்கப்பட்டபோது இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோராக இருந்தார்கள். தயங்கித் தயங்கிப் பேசக் கற்றுக்கொண்ட ஒரு தாய், குழந்தை ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அந்தக் குழுவில் இருக்கும் தகுதியை இழக்கிறார். புதிய பள்ளியில் குழு முன்பே அமைந்திருக்கும். அவர் மீண்டும் வாசலில் நிற்கும் பெற்றோராகிறார். குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் குழுவில் ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கென ஓரிரு இடங்களை ஆண்டுதோறும் ஒதுக்கி வைப்பது கடினமான சீர்திருத்தம் அல்ல.

ஆயத்தப்படுத்துவதால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வுகள் இரண்டு வகையாகப் பதில் தருகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பதினோரு பள்ளிகளில் 1,304 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. புதிய பள்ளியில் பயமும் தனிமையும் தோன்றுவது எல்லோருக்கும் இயல்பு, கொஞ்ச நாளில் தணியும் என்று முந்தைய மாணவர்கள் சொன்னதைப் படிக்கவைத்து, அதைப் பற்றிச் சிறிது எழுதச் செய்தார்கள். அவ்வளவுதான். அப்படி எழுதியவர்களிடம் தோல்வி மதிப்பெண்களும் பள்ளிக்கு வராத நாள்களும் குறைந்தன. நம் வீடுகளிலோ இதற்கு நேர் எதிரான ஆயத்தம்தான் பெரும்பாலும் நடக்கிறது. ‘பெரிய பள்ளிக்கூடம் போனா தெரியும், அங்க இந்த வாலாட்டம் எல்லாம் நடக்காது’ என்று அன்போடுதான் மிரட்டுகிறோம். குழந்தை அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறது.

மற்ற பதில் அவ்வளவு இனிமையானதல்ல. நியூயார்க் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து ஜோனா ராக்காஃபும் பெஞ்சமின் லாக்வுட்டும் 2010-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நடுநிலைப் பள்ளிக்கு மாறிய குழந்தைகளின் கணக்கு, ஆங்கில அடைவு, எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் தொடர்ந்த குழந்தைகளோடு ஒப்பிட, மாறிய ஆண்டிலேயே சரிந்தது. அங்குள்ள நிலைமையை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: குடும்பத்தை எவ்வளவுதான் ஆயத்தப்படுத்தினாலும், அமைப்பே உண்டாக்கிய முறிவை ஈடுகட்டும் சுமையைக் குடும்பத்தின் தலையில் வைக்கிறோம். மாணவர் எண்ணிக்கை உள்ள ஊர்களில் தொடக்கப் பள்ளியை நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவது இந்தச் சுமையை நேரடியாகக் குறைக்கும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினைந்து குழந்தைகள் உள்ள மலைக் கிராமத்தில் பாடவாரி ஆசிரியர்களை அமர்த்துவது நடக்காது. அங்கே பள்ளி மாறுவது தவிர்க்க முடியாதது. அங்கேதான் ஆயத்தம் நன்றாக நடக்க வேண்டும்.

நல்ல ஆயத்தத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பிப்ரவரியிலேயே, சேர்க்கைப் படிவம் இல்லாமல், ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் தொடக்கப் பள்ளிக்கு வந்து பெற்றோருடன் உட்காரலாம். அதே ஊரிலிருந்து போய் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையையும் கூட அழைத்து வந்தால், மேடிசன் ஆய்வு எழுத்தில் செய்ததை அந்தப் பிள்ளை நேரில் செய்துவிடும்: பஸ் எப்போது வரும், கணக்கு வாத்தியார் எப்படி, முதல் வாரம் அழுகை வந்ததா என்பதற்கெல்லாம் அதனிடம் நம்பத்தக்க பதில் இருக்கும். பெற்றோர் கூட்டத்தை வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் வைத்தால் தாய்மார் வருவார்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் அன்றைய கூலி போகும் என்பதால் வரமாட்டார்கள்.

பதிவுத்தாளோடு சேர்த்து ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம் என்ற யோசனையும் நல்லதே. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. ‘மந்தமானவன்’, ‘அடங்காதவள்’ போன்ற முத்திரைகளும், எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற சாடையும் அந்தத் தாளில் ஏறிப் போய்விடக்கூடும். புதிய பள்ளியில் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பையே அது பறித்துவிடும். எனவே எழுத வேண்டியவை எண்ணிச் சொல்லத்தக்கவையாக மட்டும் இருக்க வேண்டும்: தமிழில் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிக்கிறதா, கழித்தலும் வகுத்தலும் வருமா, கரும்பலகை தெரிகிறதா, அவசரத்துக்கு வீட்டில் யாரை அழைப்பது. எழுதியதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். இந்தத் தாள் இருந்தால் ஜூன் மாத அடிப்படைப் பாடங்களும் எல்லோருக்கும் ஒரே மருந்தாக இல்லாமல், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாசிப்பையும் கணக்கில் திணறும் பிள்ளைக்குக் கணக்கையும் தர முடியும்.

ஜூனுக்குப் பிறகும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலிருந்து வரும் குழந்தைகளுக்கும் அவர்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளியில் ஓர் ஆசிரியரைக் காலாண்டுத் தேர்வு வரை பொறுப்பாக்கி, அவருடைய கைபேசி எண்ணைக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அவர் பேச வேண்டும். சூளையிலிருந்து ஜூலையில் திரும்பும் குடும்பமும் அவரையே தேடி வரலாம். வகுப்பாசிரியருக்கு ஏற்கெனவே உள்ள பதிவேட்டு வேலையோடு இதையும் சேர்த்துத் திணித்தால் நடக்காது. வாரத்துக்கு இரண்டு பீரியடுகளையாவது இதற்காக விடுவித்துக் கொடுக்க வேண்டும்.