பட்டுக்கோட்டையார் பாடல்களில் கேட்போர் பெறும் இடம்

கலையை மக்களிடம் கொண்டுசேர்த்தல் சொல்லெளிமையால் மட்டும் கைகூடுவதன்று. கேட்போருக்கு அக்கலையில் ஓர் இடம் அளித்தலும் இன்றியமையாதது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் (1930-1959) பாடல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

உழவர் குடியில் பிறந்து, பள்ளிக்கல்வி மிகுதியும் பெறாத அவர், உழவர் இயக்கத்தில் பங்கேற்றார்; பாரதிதாசனிடம் பயின்றார்; பின்னர்த் திரைப்படங்களுக்கு எழுதினார். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு 18.33 விழுக்காடே. அச்சேறிய கவிதை எட்டாத பலரைத் திரைப்பாடல் செவிவழி எட்டியது.

விளியும் ஏவலும் வினாவுமே இப்பாடல்களின் தொடரமைப்பைத் தாங்குகின்றன. 'நாடோடி மன்னன்' (1958) படப் பாடலொன்றில் 'தம்பி' என்னும் விளி எதிர்மறை ஏவலோடு இணைந்து வருகிறது. அவ்விளி கதைச்சூழலைக் கடந்து, கொட்டகையில் அமர்ந்திருப்போரையும் முன்னிலையாக்குகிறது. உறவுப்பெயராதலின் அறிவுரையின் கடுமையும் குறைகிறது. எனினும், அறிவுரை மிகும் பாடல்களில் இவ்வுத்தி தளர்கிறது. உடன் உரையாடுவோராக இருந்த கேட்போர், பாடம் கேட்கும் மாணாக்கராகிவிடுகின்றனர்.

இருபத்தொன்பது வயதில் முடிவுற்ற இக்கவிஞரின் படைப்பைத் திரைப்பாடல் என ஒதுக்குதலும், அச்சுவடிவை மட்டும் கொண்டு மதிப்பிடுதலும் பொருந்தா. தொடரமைப்பு, மெட்டு, கேட்போர் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும் ஆய்வே அவருடைய கவிதைத்திறனை உள்ளவாறு உணர்த்தும்.