மூச்சை இழுத்துப் பிடிங்க தாத்தா!

எக்ஸ்ரே எடுக்கறதுக்கு ஒரு படிப்பா, பட்டனை அமுக்கினா படம் வந்துடப் போகுதுன்னு சொன்ன அத்தனை பேரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து எங்க கன்சோல் முன்னாடி நிறுத்தணும்னு இருக்கு. அந்தப் பட்டனுக்கு முன்னாடி என்னவெல்லாம் நடக்குது தெரியுமா!

நினைச்சுப் பாருங்க. அரசு மருத்துவமனையில் காலை நேரம், வெளியே பெஞ்ச் நிறையக் கூட்டம், உள்ளே இருமிக்கொண்டே ஒரு பெரியவர். மார்புப் படம், பி.ஏ. வியூ, அதாவது கதிர் முதுகு வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியே வரும். முதன்முதலாக நானே எடுக்கப்போகிறேன்! "தாத்தா, தாடையை இதுமேல வைங்க, கையை இடுப்புல வச்சுத் தோளை முன்னால தள்ளுங்க" என்கிறேன். தோள்பட்டை எலும்பு விலகினால்தானே நுரையீரல் மறையாமல் தெரியும்! எக்ஸ்ரே டியூப் ஆறடி தள்ளி நிற்கிறது, கிட்ட வந்தால் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும். கதிர் விழும் இடத்தைக் காட்டும் கோலிமேட்டர் வெளிச்சம் அவர் முதுகில் சதுரமாக விழுகிறது, ஈய மார்க்கரை ஒட்டுகிறேன், ஓடிவந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்று பட்டனைப் பாதி அமுக்குகிறேன், டியூபுக்குள்ளே ஆனோடு ர்ர்ர்ரென்று சுழல ஆரம்பிக்கிறது, என் நெஞ்சும் அதோடு சேர்ந்து அடிக்கிறது, "மூச்சை நல்லா இழுங்க... இழுத்துப் பிடிங்க தாத்தா!" முழுசா அமுக்கு, பீப், அவ்வளவுதான், திரையில் விலா எலும்பும் இதயமும் நுரையீரலின் நரம்பு நரம்பான கோடுகளும் பளிச்சென்று! சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பின்விலா பத்தும் தெரியுது, காரையெலும்பு ரெண்டும் சமமா இருக்கு. நல்ல படம் தம்பி." நல்ல படமாம்! எனக்குக் குதிக்கணும்போல இருந்தது, குதிச்சேன்!

1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படமெடுத்து விரலெலும்பையும் மோதிரத்தையும் பார்த்தாரே, அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். இயற்பியலின் முதல் நோபல் பரிசே, 1901-இல், அவருக்குத்தான்!

நின்னு நின்னு கால் கடுக்கும், நைட் டியூட்டி உண்டு. இருந்துட்டுப் போகட்டும். நாளையிலிருந்து எனக்கு சி.டி. ஸ்கேன் போஸ்டிங்! பாட்டு ரெக்கார்டு போட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் இன்ஜினியராக இருந்த ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த சி.டி. எந்திரம், 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை வெட்டாமலேயே துண்டு துண்டாகக் காட்டியது. டியூப் உடம்பைச் சுற்றிச்சுற்றி வர, கம்ப்யூட்டர் கணக்குப்போட்டு அடுக்கடுக்காகப் படம் தருவதை நாளைக்கு நான் கிட்டயிருந்து பார்க்கப்போறேன். இன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் எங்கே வரப்போகுது!