நடைபாதையில் ஒரு வெண்கலப் பூனை

இஸ்தான்புல் நகரின் காதிக்கோய் பகுதியில், தெருவோரப் படியொன்றில் வெண்கலப் பூனையொன்று சாய்ந்திருக்கிறது. ஒரு முன்னங்காலைப் படியில் ஊன்றி, வயிறு தளர அது இருக்கும் தோரணை, கடைவாசலில் குந்தி ஊர்க்கதை பேசும் மனிதரை நினைவூட்டும். தொம்பிலி என்று அழைக்கப்பட்ட தெருப்பூனை அது. அதன் புகைப்படமொன்று இணையத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. 2016 ஓகஸ்ட்டில் அது இறந்தபோது, சிலை வேண்டிப் பதினேழாயிரம் பேரளவில் ஒப்பமிட்டனர். செவல் ஷாஹின் என்ற சிற்பி வடித்த சிலை, அதே ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி, உலக விலங்குகள் தினத்தன்று திறந்து வைக்கப்பட்டது.

உயிருள்ளவற்றின் உருவத்தை வார்ப்பது ஆகுமா என்ற வினா நம்மவரிடம் எழவே செய்யும். உலமாக்களிற் பெரும்பாலோர் ஆகாதென்றே கொண்டனர். எனினும் முஸ்லிம் நாடுகளின் கைவினை வரலாறு அத்தடையை எப்போதும் அனுசரித்ததில்லை. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் ஈரானில் வார்க்கப்பட்ட வெண்கலச் சாம்பிராணிக் கலமொன்று உண்டு. ஹிஜ்ரி 577இல், ஜஃபர் இப்னு முஹம்மத் என்ற கைவினைஞர் அதைச் சிங்கத்தையொத்த விலங்காக வடித்தார். அதன் உடலில் அமீர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அது அதிகாரத்தின் விலங்கு. தொம்பிலியோ எவருக்கும் உரியதல்ல, தெருவுக்குரியது.

சிற்பமென்ற வகையில் இதில் ஒரு குறையுண்டு. தோரணையைக் கண்டுபிடித்தது புகைப்படம். சிற்பி அதைப் பின்பற்றினார். ஆனால் படம் தரமுடியாத ஒன்றைச் சிலை தருகிறது: இடம். உயர்ந்த பீடமில்லை. பூனை வழமையாகச் சாய்ந்திருந்த அதே தெருவில், பூனையின் அளவிலேயே அது இருக்கிறது. பார்ப்பவர்தான் குனியவேண்டும். அடுத்த மாதமே திருட்டுப்போய், ஓரிரு நாட்களில் மீண்டும் தன்னிடத்துக்கு வந்ததும் அத்தெரு அதைத் தனதாகக் கருதியதையே காட்டுகிறது.

எனினும் அதே நகரின் இன்னொரு நினைவு இச்சிலையின் அருகே வந்து நிற்கிறது. 1910இல், உதுமானிய ஆட்சியில், இஸ்தான்புல்லின் தெருநாய்கள் பல்லாயிரக்கணக்கிற் பிடிக்கப்பட்டு மர்மராக் கடலின் பாறைத்தீவொன்றில் விடப்பட்டன. பசியாலும் தாகத்தாலும் அவை மாண்டன. 2024 ஜூலையில் துருக்கி நாடாளுமன்றம், தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும், அவற்றுட் சிலவற்றைக் கொல்லவும் இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிற் சாகவிட்டவளுக்கு நேர்ந்ததையும், தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் ஹதீஸ்களில் நாம் படித்திருக்கிறோம். அவை அழகான பிராணி, அழகற்ற பிராணி என்று பிரிக்கவில்லை. புகைப்படத்துக்கு வாய்ப்பான ஒரு பூனையை நேசிப்பது எளிது. தொம்பிலியின் சிலை நல்ல சிற்பம்தான். அதன்முன் குனிகிறவர் எழுந்து நடக்கையில், அடுத்த சந்தில் கிடக்கும் பெயரில்லாத நாயையும் காண்பாராயின், அப்போதே அது தன் வேலையை முழுதாகச் செய்ததாகும்.