நல்ல பெண்களும் கெட்ட பையன்களும்: ஒரு கேள்வித்தாளை முன்வைத்து

மார்க் ஹூக், டீட்லிண்ட் ஸ்டோலே இருவரும் எழுதி 2004-ல் 'விமன் அண்ட் பாலிடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். இளைஞர்களின் அரசியல் பங்கேற்பில் ஆண்-பெண் வித்தியாசம் என்று எதைத் தேடினாலும் இந்தக் கட்டுரை எங்கேயாவது அடிக்குறிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு காரணம் தலைப்பு: 'குட் கேர்ள்ஸ் கோ டு த போலிங் பூத், பேட் பாய்ஸ் கோ எவ்ரிவேர்'. நல்ல பெண்கள் வாக்குச்சாவடிக்குப் போவார்கள், கெட்ட பையன்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள். ஒரு தடவை கேட்டால் மறக்காது. எனக்கு உறுத்துவதும் அதுதான்.

முதலில் கட்டுரையின் கதை. ஐ.இ.ஏ. என்ற சர்வதேசக் கல்வி மதிப்பீட்டு அமைப்பு 1999-ல் 28 நாடுகளில் சுமார் 90,000 பதினான்கு வயது மாணவர்களிடம் குடிமைக் கல்வி பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. இந்தியா அதில் இல்லை. அமெரிக்கப் பகுதியில் பதில் சொன்ன 2,811 மாணவர்களின் தரவை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'நீ பெரியவனானதும் இவற்றில் எதையெல்லாம் செய்வாய்?' என்பது கேள்வி. கீழே ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயம் செய்ய மாட்டேன்' முதல் 'நிச்சயம் செய்வேன்' வரை நாலு கட்டம்.

கிடைத்த முடிவு சுவாரசியமானது. பெண் பிள்ளைகள் மொத்தத்தில் பையன்களுக்குப் பின்னால் இல்லை. வித்தியாசம் அளவில் இல்லை, வகையில் இருக்கிறது. நிதி திரட்டுவது, முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் உதவுவது போன்ற, சமூக இயக்கங்களை ஒட்டிய வேலைகள் பெண்கள் பக்கம் சாய்கின்றன. சுவரில் கோஷம் எழுதுவது, சாலையை மறிப்பது, அரசுக் கட்டடத்தை ஆக்கிரமிப்பது போன்ற மோதல் வகைகள் பையன்கள் பக்கம் சாய்கின்றன.

இதில் கட்டுரைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பெரும்பாலும் 'பெண்களுக்கு அரசியலில் ஆர்வம் குறைவு' என்ற ஒற்றை வாக்கியத்தோடு விஷயம் முடிந்துகொண்டிருந்தது. கட்சிக் கூட்டத்தையும் தேர்தல் பிரசாரத்தையும் மட்டும் அரசியல் என்று எண்ணினால் அப்படித்தான் வரும். எண்ணும் பட்டியலை நீட்டினால் விடையே மாறுகிறது என்று இவர்கள் காட்டினார்கள். நல்ல வேலைதான்.

ஆனால் பட்டியலை நீட்டியவர்கள் பட்டியலைக் கேள்வி கேட்கவில்லை. மொத்தம் பன்னிரண்டு வரிகள். தேசியத் தேர்தலில் ஓட்டுப் போடுவது, வேட்பாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்வது, கட்சியில் சேர்வது, பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது, உள்ளாட்சிப் பதவிக்கு நிற்பது, உதவிப் பணி, நிதி திரட்டல், கையெழுத்து வாங்குவது, அமைதி ஊர்வலம், சுவரெழுத்து, மறியல், ஆக்கிரமிப்பு. நான் இருபது வருஷமாக டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. டேபிளில் காலம் இல்லாத விஷயத்தை ரிப்போர்ட்டில் எடுக்க முடியாது. எவ்வளவு நல்ல க்வெரி எழுதினாலும் முடியாது. இந்த டேபிளில் 'செய்வாயா?' என்ற காலம் இருக்கிறது. 'செய்ய விடுவார்களா?', 'செய்தால் உனக்கு என்ன ஆகும்?' என்ற காலங்கள் இல்லை. இல்லாததால், பதிலில் இருக்கிற வித்தியாசம் முழுவதும் பிள்ளைகளின் சுபாவத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து 'நல்ல பெண்', 'கெட்ட பையன்' என்ற பெயருக்கு ஓரடிதான்.

இன்னொன்று. பதினான்கு வயசுப் பையன் 'சுவரில் எழுதுவேன், நிச்சயம்' என்று டிக் போடுவதில் எவ்வளவு அரசியல், எவ்வளவு கெத்து? இதே 2004-ல் ஜெஃப்ரி மாண்டக், மேரி ஆண்டர்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அரசியல் அறிவுக் கேள்விகளில் ஆண்கள் தெரியாவிட்டாலும் அடித்துவிடுகிறார்கள், பெண்கள் 'தெரியாது' என்று சொல்லிவிடுகிறார்கள், இந்தப் பழக்கத்தைக் கழித்தால் ஆண்-பெண் அறிவு இடைவெளியில் பாதி காணாமல் போகிறது என்பது அதன் சாரம். அறிவுக் கேள்விக்கே இப்படியென்றால், வருங்காலத்தில் செய்யப்போகும் வீரச்செயல் பற்றிய கேள்விக்கு எப்படி இருக்கும்?

தலைப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல பெண்கள் சொர்க்கத்துக்குப் போவார்கள், கெட்ட பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. அதைத் திருப்பித்தான் இந்தத் தலைப்பு. மூலத்தில் எங்கும் போகிறவளும் ஒரு பெண்தான். தலைப்பில் அந்த இடத்தைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கெட்ட பெண் என்ற ஆளே படத்தில் இல்லை. விளையாட்டாகச் செய்ததுதான், தெரியும். ஆனால் இந்தத் துறையில் அந்த ஆள் காணாமல் போவது இங்கு மட்டும் நடப்பதில்லை.

என் வாதம் இதுதான். இளம்பெண்கள் எதில் கலந்துகொள்கிறார்கள், எதில் கலந்துகொள்வதில்லை என்பதைச் சுபாவத்தைவிட விலை நன்றாக விளக்குகிறது. விலை என்றால் காசு இல்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு, யார் கூட, வீட்டில் என்ன சொல்வார்கள், போட்டோ பேப்பரில் வந்தால் என்ன ஆகும், இதெல்லாம்.

நம் ஊர்த் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்களின் வாக்குப்பதிவுக்கும் பெண்களின் வாக்குப்பதிவுக்கும் ஏறத்தாழ 17 சதவீதப் புள்ளிகள் இடைவெளி. 2019-ல் பெண்கள் 67.18 சதவீதம், ஆண்கள் அதைவிட ஒரு இழை குறைவு. 2024-லும் பெண்கள்தான் ஒரு இழை மேலே. (தேர்தல் ஆணையம் இதை வயதுவாரியாகப் பிரித்துத் தருவதில்லை. எனவே இது எல்லா வயதுப் பெண்களும் சேர்ந்த கணக்கு.) ஐம்பது அறுபது வருஷத்தில் இந்தியப் பெண்கள் எல்லோரும் 'நல்ல பெண்கள்' ஆகிவிட்டார்களா? படிப்பறிவு கூடியது ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. அதோடு, ஓட்டுப் போடுவதன் விலை என்ன என்று பாருங்கள். வாக்குச்சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பகல் நேரம். விடுமுறை நாள். பெண்களுக்குத் தனி வரிசை. அம்மாவோடு போகலாம், பக்கத்து வீட்டு அக்காவோடு போகலாம். அரை மணி நேரத்தில் வீடு திரும்பலாம். வாக்குச்சாவடிக்குப் போகிறவள் நல்ல பெண் என்பதால் போகவில்லை. வாக்குச்சாவடி தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் போகிறாள்.

விலை ஏறுகிற இடத்தில் கணக்கு எப்படி மாறுகிறது? 2019-ல் மக்களவைக்கு வந்த பெண்கள் 78 பேர், 2024-ல் 74 பேர், மொத்தம் 543 இடங்களில். வரிசையில் சமமாக நிற்கிறவர்கள் உள்ளே ஏழில் ஒரு பங்கு.

இப்போது அந்தப் பட்டியலில் 'கெட்ட பையன்' வரிகளில் ஒன்றான சாலை மறியலைப் பார்ப்போம். அமெரிக்கக் கேள்வித்தாளில் அது தீவிரவாத வகை. ஆனால் தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாத மாவட்டச் செய்திப் பக்கத்தைத் திறந்தால் சாலையில் உட்கார்ந்திருப்பது யார்? காலிக்குடங்களோடு பெண்கள். அது இங்கே அவ்வளவு சகஜம். தண்ணீர் லாரி வரவில்லை, மோட்டார் ரிப்பேர், பி.டி.ஓ. வந்து பேசினால்தான் எழுந்திருப்போம். பஸ் நிற்கும், போலீஸ் வரும். ஐ.இ.ஏ. கணக்குப்படி இவர்கள் எல்லோரும் கெட்ட பையன்கள்! சொந்தத் தெரு, பகல் நேரம், கூட இருப்பவர்கள் அக்கம்பக்கத்தார், கேட்பது வீட்டுக்குத் தண்ணீர். யாரும் குறை சொல்ல முடியாது. அதே செயல்தான், விலைதான் குறைவு. அந்தப் படங்களை இன்னும் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். கல்லூரிக்குப் போகிற வயசுப் பெண் அதில் அரிது. அதே வீட்டில் அதே தண்ணீருக்குத்தான் அவளும் காத்திருக்கிறாள்.

அந்த வயசுப் பெண்கள் மொத்தமாக வெளியே வந்த ஒரு சந்தர்ப்பம் 2017 ஜனவரியில் மெரினா. 17-ம் தேதி முதல் 23-ம் தேதி வரை. ஜல்லிக்கட்டு சரியா தவறா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம். பொது இடத்தை ஆக்கிரமிப்பதுதான் அங்கே நடந்தது, பட்டியலின் கடைசி வரிக்குப் பக்கத்தில் வருகிற செயல். இளம்பெண்கள் திரளாக வந்தார்கள், இரவிலும் இருந்தார்கள். 'ராத்திரி முழுக்க பாதுகாப்பாக இருந்தது' என்பதுதான் அப்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட விஷயம். பல வீடுகளில் அப்பா அம்மாவே கூட வந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் சென்னைப் பெண்களின் சுபாவம் மாறியிருக்க வாய்ப்பில்லை. வீட்டில் கேட் திறந்திருந்தது, அவ்வளவுதான். இது ஒரே ஒரு நிகழ்வு, எத்தனை பெண்கள் என்று எண்ணிக்கையும் என்னிடம் இல்லை. அதனால் இதை நிரூபணம் என்று சொல்லவில்லை. சுபாவ விளக்கத்துக்கு இது ஒரு தலைவலி என்று மட்டும் சொல்கிறேன்.

கேட் என்றதும் ஹாஸ்டல் ஞாபகம் வருகிறது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் பெண்கள் விடுதியில் ஆறரை மணிக்கு வருகைப் பதிவு. ஆண்கள் விடுதிக்கு சுவர் ஏறவே தேவையில்லை, கேட் மூடி நான் பார்த்ததில்லை. டிபார்ட்மென்ட் சிம்போசியம் வந்தால் வரவேற்பும் கணக்கு வழக்கும் பெண்கள், செயலாளர் பையன். ஏன்னா ஸ்பான்ஸர் பிடிப்பது, மேடை போடுவது, பிரிண்டிங் பிரஸ்ஸில் உட்கார்ந்து நோட்டீஸ் வாங்குவது எல்லாம் ஆறரைக்கு மேல். பத்துப் பேரைக் கூட்டி வேலை வாங்குவது, பிரின்சிபாலிடம் சண்டை போட்டு அனுமதி வாங்குவது, இதைப் பையன்கள் அங்கே கற்றுக்கொண்டார்கள். பிறகு யாராவது சர்வே எடுத்தால் 'தலைமைப் பண்பு: ஆண்கள் அதிகம்' என்று வரும்.

இதையே அரசியலாக்கிய பெண்கள் இருக்கிறார்கள். 2015-ல் டெல்லியில் தொடங்கிய 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை என்று அர்த்தம், கேட்டது இதைத்தான். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் இந்த நேரக் கட்டுப்பாடு? 2017 செப்டம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி சீண்டப்பட்டதை எதிர்த்து மாணவிகள் வளாக வாசலில் உட்கார்ந்தார்கள். 23-ம் தேதி இரவு தடியடி நடந்தது. இவர்கள்தான் தலைப்பில் காணாமல் போன 'கெட்ட பெண்கள்'. இரவு ஒன்பது மணிக்கு விடுதிக்கு வெளியே நிற்பதே ஒரு பெண்ணுக்கு அரசியல் செயலாக இருக்க முடியும். பன்னிரண்டு வரிப் பட்டியலில் அதற்கு வரி கிடையாது. ஒரு பையன் அதே இடத்தில் அதே நேரத்தில் நின்றால் அவன் டீ குடிக்க வந்திருக்கிறான்.

என் வாதத்துக்கு எதிராக ஒரு கனமான புத்தகம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. நான்சி பர்ன்ஸ், கே லேமன் ஷ்லோஸ்மன், சிட்னி வெர்பா மூவரும் 2001-ல் எழுதிய 'தி பிரைவேட் ரூட்ஸ் ஆஃப் பப்ளிக் ஆக்‌ஷன்'. அமெரிக்க ஆண்-பெண் பங்கேற்பு இடைவெளிக்கு ஓய்வு நேரக் குறைவு காரணமில்லை என்கிறார்கள் அவர்கள். கல்வி, வருமானம், வேலையிடத்தில் கிடைக்கும் திறன்கள், அங்கே வருகிற அழைப்புகள், இவைதான் காரணம். கவனமான வேலை, எளிதில் தள்ள முடியாது. ஆனால் அது வளர்ந்த அமெரிக்கர்களின் கணக்கு. அவர்கள் அளந்தது எத்தனை மணி நேரம் ஓய்வு என்பதை. நான் கேட்பது எந்த மணி நேரம் என்பதை. ஒரு கல்லூரி மாணவிக்கு ஞாயிறு பகல் முழுக்க ஓய்வு இருக்கலாம், மாலை ஏழு மணிக் கூட்டத்துக்குப் போக முடியாது. தவிர, வேலையிடத் திறன் என்று அவர்கள் சொல்வதும் ஆறரை மணி கேட் கதையும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. கேட்டுக்கு உள்ளே இருந்தவளுக்கு அந்தத் திறன் எங்கே கிடைத்திருக்கும்?

பதினான்கு வயசு பதில் கல்லில் எழுதியது இல்லை என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் ஆய்வு உண்டு. லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா நால்வரும் மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் எடுத்து 2012-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. இட ஒதுக்கீட்டால் இரண்டு தேர்தல் காலம் பெண் ஊராட்சித் தலைவரைப் பார்த்த கிராமங்களில், 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் எதிர்கால ஆசைகளில் ஆண்-பெண் இடைவெளி 32 சதவீதம் சுருங்கியிருந்தது. மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த ஆசைகளில் 20 சதவீதம். பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவழித்த நேரமும் குறைந்திருந்தது. சுபாவத்தை யாரும் தொடவில்லை. ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மாறினார், பிள்ளைகளின் பதில் மாறிவிட்டது.

ஐ.இ.ஏ. இதன் பிறகு 2009, 2016, 2022 என்று ஆய்வைத் தொடர்கிறது. தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2009 தரவை இறக்கிக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். நான் தேடும் காலம் அதிலும் இல்லை. கேள்வித்தாள் எழுதும் மேசையில் எனக்கு இடம் கொடுத்தால் இரண்டு வரி சேர்ப்பேன். 'ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கூட்டத்துக்குப் போகணும்னா வீட்டில் யாரிடமெல்லாம் கேட்கணும்?' 'கேட்காமல் போனால் என்ன நடக்கும்?' முதல் கேள்வியே புரியாமல் 'எதுக்கு கேட்கணும்?' என்று திருப்பிக் கேட்கிற பையன்கள் எத்தனை பேர் என்பதையும் தனியாக ஒரு காலத்தில் குறித்து வைக்கச் சொல்வேன்.