ஆறு பேரும் ஒரு நகரமும்

சிறப்புக் கட்டுரை எழுதப் புகுவோர் இக்காலத்தில் பெரும்பாலும் கைக்கொள்ளும் உபாயம் ஒன்று உண்டு. விஷயம் எத்துணை விரிந்ததாயினும் அதனை ஒரு தனிமனிதர்மேல் ஏற்றிச் சொல்வதே அது. வறட்சியைப் பற்றி எழுதுகிறவர் வெடித்த வயலின் வரப்பில் அமர்ந்திருக்கும் கிழவரிடமிருந்து புறப்படுகிறார்; நான்காம் பத்தியில் கிழவர் காணாமற் போக, அரசாங்கப் புள்ளிவிவரம் வந்து அவர் இடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. இந்த உபாயத்தின் வன்மையையும் குறையையும் ஆராய்வதற்கு, அதனை உச்சநிலையில் கையாண்ட கட்டுரையையே எடுத்துக்கொள்வது நியாயம்.

1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’ வெளியாயிற்று. தொடராக வரவேண்டியதை ஒரே இதழில் வெளியிடலாம் என்று உதவியாசிரியர் வில்லியம் ஷான் வற்புறுத்த, ஆசிரியர் ஹரால்டு ராஸும் இணங்கி, வழக்கமான கேலிச் சித்திரங்களையும் விலக்கி, ஏறத்தாழ 30,000 சொற்கள் கொண்ட அந்தக் கட்டுரைக்கே இதழ் முழுவதையும் அளித்தார்.

ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 ஆம் தேதி காலை 8.15 மணிக்கு ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே அதன் தொடக்கம். தகரத் தொழிற்சாலைக் குமாஸ்தாவான குமாரி ஸஸாகி, பக்கத்து மேஜைப் பெண்ணோடு பேசத் தலையைத் திருப்புகிறாள். தையற்காரரின் விதவையான நகமுரா அம்மாள், தீ பரவாதபடி வெட்டவெளி அமைப்பதற்காக அண்டைவீட்டுக்காரர் தம் வீட்டையே இடித்துக் கொண்டிருப்பதைப் பார்த்து நிற்கிறாள். டாக்டர் ஃபுஜீ திண்ணையில் சம்மணமிட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். அவலத்தை விவரிக்க எழுந்த எழுத்தாளன், ‘அந்தோ!’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அவலம் நேருவதற்கு முந்திய கணத்தின் அற்பக் காரியங்களை அடுக்குவதனால், அழிந்தது இன்னதென்பது வாசகனுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

ஆயினும் இதைவிட நுட்பமாக நான் கருதுவது, எண்களை ஹெர்சி வைத்திருக்கும் இடம். செஞ்சிலுவை மருத்துவமனையில் காயமின்றித் தப்பிய ஒரே டாக்டர் ஸஸாகி (மேற்சொன்ன குமாரிக்கு இவர் உறவல்லர்), தம் கண்ணாடி பறந்துபோக, அடிபட்ட தாதி ஒருத்தியின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கட்டுப்போடுகிறார். அதன் பிறகே, 600 படுக்கைகள் கொண்ட அந்த இடத்தை நோக்கிக் குறைந்தது 10,000 பேர் வந்தனர் என்று ஹெர்சி சொல்கிறார். பொருந்தாத கண்ணாடியோடு குனிந்து நிற்கும் மனிதரை நாம் கண்டுவிட்டபடியால், 10,000 என்பது அவரை நெருக்கும் கூட்டமாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறது. தனிமனிதரையும் தொகையையும் தனித்தனிப் பத்திகளில் பிரித்து வைக்கும் நம் பத்திரிகைக்காரர்கள் முதலில் பயில வேண்டிய பாடம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

இனி, குறை. ஆறு பேரில் இருவர் டாக்டர்கள்; இருவர் கிறிஸ்தவ குருமார்; அவர்களுள் ஒருவர் ஜெர்மானியர், மற்றவர் அமெரிக்காவிலே கல்வி கற்ற தனிமோதோ. பிற நாட்டு நிருபர் ஒருவர் எளிதில் அணுகிப் பேசக்கூடியவர்கள் கட்டுரைக்குள் வந்திருக்கிறார்களேயன்றி, நகரத்தின் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுவதற்கில்லை. அன்று அந்நகரில் மாண்ட கொரியத் தொழிலாளர் பல்லாயிரவருள் ஒருவரது குரலும் அதில் இல்லை. இதைவிடக் கூரிய ஆட்சேபத்தை எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி கட்டுரை வெளியான ஆண்டே எழுப்பினார்: பிழைத்தவர்களைக் கொண்டு சொல்லும்போது, அணுகுண்டும் பூகம்பம் போன்ற இன்னொரு விபத்தாகிவிடுகிறது, உண்மையில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் மாண்டவர்களே. இந்த ஆட்சேபத்திற்கு நேரான விடை கிடையாது.

பிழைத்தவரின் பார்வையைத் தாண்டுவதில்லை என்ற விரதத்தால் நேர்ந்த நஷ்டம் மற்றொன்று. குண்டை வீசும்படி தீர்மானித்தவர் யார், எதன்பொருட்டுத் தீர்மானித்தனர் என்ற விசாரணை அந்த ஆறு பேரின் வாழ்க்கைக்குள் எங்ஙனம் நுழையும்? கட்டுரையாசிரியன் கேளாமல் விட்ட கேள்விக்கு, 1947 பிப்ரவரியில் ‘ஹார்ப்பர்ஸ்’ பத்திரிகையில், அமெரிக்க யுத்த மந்திரியாயிருந்த ஹென்றி ஸ்டிம்சன் தாமே விடையளித்தார். ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ இருப்பர் என்ற அவரது வாதம், நெடுங்காலம் பலருக்குச் சமாதானமாயிற்று. காரணத்தைத் தொடாத கருணைக்கு இந்த அபாயம் எப்பொழுதும் உண்டு: வாசகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பின், காரணத்தை அதிகாரத்தில் இருந்தவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்வான்.

ஹெர்சி இக்குறையை உணர்ந்தாரோ இல்லையோ, 1985 இல் அதே ஆறு பேரின் பிற்கால வாழ்வை எழுதியபோது முறையைச் சிறிது மாற்றினார். தனிமோதோ ஊர் ஊராய்ச் சென்று சமாதானம் வேண்டிப் பிரசங்கம் செய்த வரலாற்றின் நடுநடுவே, எந்த விளக்கமுமின்றி, அணுகுண்டுப் பரிசோதனைகளின் தேதிகளைத் தனி வாக்கியங்களாக வைத்துக்கொண்டே போனார். பிக்கினித் தீவில் அமெரிக்கா 1946 இல் நடத்தியதும் அவற்றில் உண்டு. 1974 மே 18 ஆம் தேதி இந்தியா நடத்தியதும் உண்டு.