விண்கலத்தில் ஓர் ஓய்வறை

1966 செப்டெம்பர் 8 தொடக்கம் 1969 ஜூன் 3 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 79 அத்தியாயங்களாக ஒளிபரப்பப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரின் புகழ் பாடுவோர் தவறாது எடுத்துக்காட்டும் காட்சி ஒன்றுண்டு. 1968 நவம்பர் 22 இல் வெளிவந்த அத்தியாயத்தில், வெள்ளையரான கப்டன் கேர்க்கும் கறுப்பினப் பெண்ணான உஹூராவும் முத்தமிட்டுக் கொள்கின்றனர். நிறபேதம் தலைவிரித்தாடிய நாட்டில் அது துணிகரமான செயல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கதையைக் கூர்ந்து நோக்குவோர் வேறொன்றையும் காண்பர். அம்முத்தம் இருவரின் விருப்பத்தாலும் நிகழ்ந்ததன்று. மனோசக்தி படைத்த வேற்றுக் கிரகவாசிகள் அவர்களைப் பொம்மைகள்போல் ஆட்டுவித்து அதனை நிகழ்த்துகின்றனர். கொண்டாடப்படும் காட்சிக்குள்ளேயே தப்பியோடுவதற்கு ஒரு புறவாசல் வைக்கப்பட்டிருக்கிறது.

இத்தொடரின் பெறுமதியை அதன் பெருங்காட்சிகளில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்தே போவர். கப்டன் கேர்க் நிமிர்ந்து நின்று சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் இடங்கள் இன்று நகைப்பையே தருகின்றன. எமக்கு மனம் ஒன்றுவது கதையின் ஓட்டத்தில் எவரும் பொருட்படுத்தாத சிறு கணங்களிலேயே. பெருங்காட்சிகளை விளம்பரதாரரும் ஒளிபரப்பு நிலையத்தாரும் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்திருப்பர். சிறு கணங்கள் அவர்களுடைய கண்ணுக்குத் தப்பிவிடும் போலும்.

1969 ஜனவரி 10 இல் வெளிவந்த அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். செரோன் என்னும் கிரகத்தைச் சேர்ந்த இருவர் விண்கலத்துக்கு வந்து சேர்கின்றனர். இருவருக்கும் உடலின் ஒரு பாதி கருமை, மறுபாதி வெண்மை. பீல் என்பவன் அதிகாரி. லோக்காய் என்பவன் அவனால் பல்லாயிரம் ஆண்டுகளாகத் துரத்தப்படும் கிளர்ச்சியாளன். இருவருக்குமிடையில் என்ன வேறுபாடு என்று கேர்க்கும் ஸ்பொக்கும் விளங்காமல் நிற்க, தனக்கு வலப்பக்கம் கருமை என்றும் லோக்காய்க்கு வலப்பக்கம் வெண்மை என்றும் பீல் பொறுமையிழந்து சுட்டிக்காட்டுகிறான். பலரும் நினைவில் வைத்திருப்பது இதனைத்தான். நன்றாகவே அமைந்த கேலி அது.

எனினும், அதனினும் மேலான காட்சி கலத்தின் ஓய்வறையில் நிகழ்கிறது. லோக்காய் சில ஊழியரிடையே இருந்து தன் இனத்தவரின் துயரத்தைக் கூறுகிறான். இளைஞனான செக்கோவ், பூமியிலும் ஒரு காலத்தில் இத்தகைய கொடுமை இருந்ததாகச் சரித்திர வகுப்பிற் படித்த நினைவு என்கிறான். அதெல்லாம் இருபதாம் நூற்றாண்டோடு ஒழிந்துவிட்டது என்கிறான் சூலு. நல்ல மாணவர்கள்; நல்ல மனதுடையவர்கள். அவர்களுடைய அனுதாபத்தில் குற்றங் காண முடியாது. ஆனால், லோக்காய் அந்த அனுதாபத்தை ஏற்பதில்லை. சிறுமைப்படுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை உங்கள் தசைக்கு எவ்வாறு உணர்த்துவேன் என்று கேட்கிறான். அடுத்து அவன் கேட்பது இன்னுங் கூர்மையானது. குடிசையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, வேறொரு கிரகத்தின் யுத்தத்தில், உங்களை ஒடுக்குபவனின் நலனுக்காகச் சாவது எப்படியிருக்கும் என்று அறிவீர்களா?

அந்த நாளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் வியட்நாமில் நின்றன. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஒன்பது மாதங்களே கழிந்திருந்தன. வியட்நாம் என்ற பெயரோ நீக்ரோப் போர்வீரன் என்ற சொல்லோ அக்காட்சியில் இல்லை. இருந்திருந்தால் அது வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். கொடுமையெல்லாம் பழங்கதை என்று கூறும் சூலுவாக நடித்தவர் ஜோர்ஜ் டக்கே. யப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலக யுத்த காலத்தில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 பேரில் அவரும் ஒருவர். 1942 இல் குடும்பத்தோடு கொண்டுசெல்லப்பட்டபோது அவர் ஐந்து வயதுச் சிறுவன். சரித்திர வகுப்பிற் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவர் எந்த மனநிலையிற் பேசினாரோ! பார்க்கும் எமக்கு அது முள்ளாய்த் தைக்கிறது.

ஓய்வறைக் கதவுக்கு வெளியே ஸ்பொக் நின்று இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். தந்தை வல்கன், தாய் பூமியைச் சேர்ந்தவள். இரு உலகத்துக்கும் அரை அந்நியன். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் சில விநாடிகளே நீடிக்கிறது. முழு அத்தியாயத்தின் நேர்மையும் அதற்குள் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏனெனில், முடிவில் அந்த நேர்மை கைவிடப்படுகிறது. செரோன் கிரகத்தவர் அனைவரும் ஒருவரையொருவர் அழித்து மாண்டுபோயிருக்க, எஞ்சிய இருவரும் எரியும் நகரங்களிடையே ஒருவரையொருவர் துரத்தி ஓடுகின்றனர். இரு தீவிர மனங்களிடம் அறிவை எதிர்பார்ப்பது தர்க்கமன்று என்று இப்போது ஸ்பொக்கே தீர்ப்புக் கூறுகிறான். அடிமைப்படுத்தியவனும் அடிமைப்பட்டவனும் ஒரே தராசில், ஒரே நிறையில்! இரு பக்கத்திலும் வெறி, இரு பக்கத்திலும் தவறு என்னும் இந்த நடுநிலைமை தாராளவாதிகளின் நீண்டகால நோய். ஓய்வறையில் லோக்காய் எழுப்பிய வினாக்களுக்கு விடை கூறாமல், அவனையே பைத்தியக்காரனாக்கிக் கதை முடிக்கப்படுகிறது. அப்போதும் ஒரு சிறு கணம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அவர்களிடம் எப்போதுமே இருந்தது இந்த வெறுப்பு மட்டும்தானா என்று உஹூரா கேட்கிறாள். இல்லை, எஞ்சியிருப்பது அதுமட்டுமே என்கிறான் கேர்க். வேறென்ன இருந்தது என்று அவள் தொடர்ந்து கேட்டிருந்தால் கதையை மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுத நேர்ந்திருக்கும்.

1967 மார்ச் 9 இல் வெளிவந்த சுரங்கக் கதையிலும் இப்படி ஒன்றுண்டு. சுரங்கத் தொழிலாளரைக் கொன்று திரியும் ஓர் உயிரைத் தேடி ஸ்பொக்கும் கேர்க்கும் வருகின்றனர். சுரங்க அதிகாரியின் மேசைமேல் உருண்டையான கல்லொன்று அழகுப் பொருளாய் இருக்கிறது. ஸ்பொக் அதனைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். அது கல்லன்று, அவ்வுயிரின் முட்டை. தொழிலாளர் அறியாமல் உடைத்தழித்தவை ஆயிரக்கணக்கானவை. தாய் தன் குஞ்சுகளுக்காகவே கொன்றிருக்கிறாள். பிறருடைய மண்ணிற் புகுந்தவர் அங்குள்ள உயிரை மேசை அலங்காரமாக வைத்திருக்கும் இந்தப் படிமத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. நல்லவேளை, எவரும் அங்கே விளக்கவும் இல்லை. காயம்பட்ட அவ்வுயிருக்குச் சிகிச்சை செய்ய அழைக்கப்பட்ட டொக்டர் மக்கோய், தான் வைத்தியனேயன்றி மேசன் அல்லன் என்று சினந்துவிட்டு, சீமெந்துபோன்ற கலவையைப் பூசிக் காயத்தை அடைக்கிறார். பின்னர், கையெல்லாம் கலவை ஒட்டியிருக்கப் பெருமிதத்தோடு எழுந்து வருகிறார். சமாதானமும் ஏற்படுகிறது. ஆனால் அது எதன்மேல் ஏற்படுகிறது? குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், மனிதர் கனிப்பொருளை எடுத்துச் செல்வர், இலாபம் பெருகும் என்ற உடன்பாட்டின்மேல். முடிவில் அந்த அதிகாரியின் முகத்திற் பொங்கும் மகிழ்ச்சி செல்வம் சேரப் போகிறது என்பதாலேயே. கதாசிரியர் இதனை நல்ல முடிவு என்றே எண்ணியிருக்கிறார்.

பிரசங்கம் பற்றி இத்தொடரே ஓரிடத்தில் தன்னையறியாமல் நகைத்துக்கொள்கிறது. 1967 ஏப்ரல் 6 இல் வெளிவந்த அத்தியாயத்தில், 1930 ஆம் ஆண்டின் நியூயோர்க் நகரில், வேலையற்றோருக்குச் சூப் வழங்கும் இடத்திற் கேர்க்கும் ஸ்பொக்கும் அமர்ந்திருக்கின்றனர். அதனை நடத்தும் ஈடித் கீலர் பேசத் தொடங்குகிறாள். அருகிலிருக்கும் ஏழை ஒருவன், இலவசமாக உண்ணலாம் என்று நினைத்தீர்களா, இனிப் பிரசங்கத்தைக் கேட்டேயாக வேண்டும் என்று முணுமுணுக்கிறான். தர்மத்தின் விலையைப் பட்டினி கிடந்தவன் நன்கு அறிவான். கதைக்கு அவன் தேவையில்லை. கதையை விட அவன் உண்மையானவன்.

இனி உஹூராவிடம் மீண்டும் வருவோம். முதற் பருவத்தோடு விலகிவிட எண்ணியதாகவும் மார்ட்டின் லூதர் கிங் தன்னைத் தடுத்ததாகவும் நிஷெல் நிக்கல்ஸ் பின்னாளிற் கூறியுள்ளார். விலக எண்ணியதில் வியப்பில்லை. அத்தியாயந்தோறும் அழைப்புகளைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்வதன்றி அவருக்குக் கொடுக்கப்பட்ட வசனம் சொற்பமே. ஆனால் 1967 செப்டெம்பர் 22 இல் வெளிவந்த அத்தியாயத்தில், கலம் ஆபத்திற் சிக்கியிருக்க, கேர்க் கிரகத்தில் நிற்க, உஹூரா தன் பலகையின் கீழ்ப் பகுதியைத் திறந்து, கருவியொன்றைக் கையிலேந்திக் கம்பிகளைச் செப்பனிடுகிறாள். இத்தகைய நுண்ணிய வேலையைச் செய்து நெடுநாளாயிற்று என்கிறாள். இதற்கு உன்னிலும் தகுதியானவர் எவரையும் என்னால் எண்ண முடியவில்லை, தொடர்ந்து செய் என்கிறான் ஸ்பொக். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லில்லை, பெண்மையைப் பற்றி ஒரு சொல்லில்லை. பின்னணி இசையும் எழுவதில்லை. அவள் குனிந்து வேலையைத் தொடர்கிறாள்.