ஈகையா, ஒப்புரவா?

தொழில் நடத்திப் பொருள் ஈட்டியோர் கல்விக்கு உதவும்போது அவர்களை வள்ளல் என வாழ்த்துதல் தமிழர் வழக்கம். நாளிதழில் படம் வரும். பள்ளி மண்டபத்தில் பெயர்க்கல் பதியும். தலைமையாசிரியர் வரவேற்புரை படிப்பார். நன்றி பாராட்டுதல் நல்ல பண்பே. ஆயின், கொடுக்கப்பட்டது கொடைதானா, அன்றிச் செலுத்த வேண்டிய கடமையா என்று ஆராயாமல் வாழ்த்திவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.

இவ்வினாவிற்குத் திருக்குறளின் அதிகார வைப்பே வழிகாட்டுகிறது. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் ஒன்றே எனின் வள்ளுவர் இரண்டாக வகுத்திரார். ஈகையில் இல்லாதவன் ஒருவன் கையேந்தி நிற்கிறான். உள்ளவன் இரங்கிக் கொடுக்கிறான். ஒப்புரவிலோ கையேந்துவார் இல்லை. செல்வன் ஊருக்குப் பயன்படுதலைக் கடப்பாடு என்றே வள்ளுவர் குறிக்கிறார். அவர் காட்டும் உவமைகள் ஊரார் நீருண்ணும் குளமும், ஊருக்குள் பழுத்த மரமும், மருந்தாகும் மரமும் ஆகும். குளத்தில் நீர் முகப்பவள் எவர்க்கும் நன்றி கூறி நிற்பதில்லை. அது ஊரின் குளம்.

இவ்வளவுகோலைக் கொண்டு டெங்கில் வட்டாரத் தோட்டங்களை நோக்கலாம். முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையதிகாரிகள் 1921இல் அங்கே காடழித்து ஒரு ரப்பர்த் தோட்டம் அமைத்தனர். 'பெரும் போர்' என்னும் பொருள்பட அதற்குப் பிராங் பெசார் எனப் பெயர் வந்தது. பால்மர ஆராய்ச்சியில் அத்தோட்டம் உலகப் புகழ் பெற்றது. தாய்மரம் தேர்ந்து, ஒட்டுக்கட்டி, பாலின் அளவு கண்டு, ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு அங்கே உருவாக்கப்பட்ட பி.பி. இன மரங்கள் பல நாடுகளுக்கும் பரவின.

அக்காலத் தோட்ட முதலாளிமார் பள்ளிகளும் வைத்தனர். ஆனால் பெரும்பாலும் அவர்களாக விரும்பி வைத்தவை அல்ல அவை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருப்பின் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வேண்டும் என்ற சட்டம், அது எத்தகைய பள்ளியாக இருத்தல் வேண்டும் என்பதில் கண்டிப்புக் காட்டவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ வேலை ஓய்ந்த நேரத்தில் பாடம் சொன்னார். பால்மரத்துக்கு ஆராய்ச்சியாளர், பிள்ளைக்குக் கங்காணி! இஃது ஒரு தோட்டத்தின் மீது சாட்டும் குற்றமன்று; அக்காலத் தோட்டத் தொழிலின் பொதுப்போக்கு இது.

தோட்டப் பள்ளி இல்லையேல் இந்நாட்டில் தமிழ்க்கல்வி வேரூன்றியிராது என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு, மறுத்தல் ஆகாது. எனினும் அவர் காணத் தவறுவது ஒன்றுண்டு. பள்ளி நின்ற நிலம் பள்ளியுடையதன்று, தோட்டத்துடையது. தோட்டம் கைம்மாறினால் பள்ளியும் புதிய உரிமையாளரின் மனத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. 1990களில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குப் பெயர்ந்தனர். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல் உள்ளன. தோட்டம் துண்டாடப்பட்டமை, மக்கள் நகரம் நாடியமை, சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டமை எனக் காரணங்கள் பல. ஆயினும் சொந்த நிலமின்மை அவற்றுள் பலவற்றிற்கும் அடியில் கிடக்கிறது. அரசு நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு முழு உதவியும், பிறர் நிலத்தில் நிற்கும் பள்ளிக்குப் பகுதி உதவியும் என்னும் பாகுபாடு இன்றும் உள்ளதன்றோ?

இனி, வேறு வகையாகச் செய்தாரையும் காண்போம். கோலாலம்பூரில் 1893இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தை உருவாக்கியோருள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். சீனப் பெருவணிகரான லோக் இயூ, யாப் குவான் செங் ஆகியோரும் அப்பணியில் சேர்ந்தனர். அது தனியொருவர் கணக்கில் அடங்காமல் அறங்காவலர் பொறுப்பில் அமைந்தது. 1902இல் தம்புசாமிப் பிள்ளை மறைந்தார், பள்ளி மறையவில்லை. எனினும் அது நகரத்தின் ஆங்கிலப் பள்ளி. தோட்டத்துப் பிள்ளைக்கு அக்குளம் நெடுந்தொலைவில் இருந்தது.

அத்தொலைவைக் குறைக்க முயன்றவருள் துன் வீ. தி. சம்பந்தன் குறிப்பிடத்தக்கவர். தோட்ட உரிமையாளரின் மகனாகிய அவர், அண்ணாமலை அரசர் என்னும் வணிகப் பெருமகன் நிறுவி 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்றவர். ஒரு வணிகர் சிதம்பரத்தில் இட்ட விதை சுங்கை சிப்புட்டில் முளைத்தது எனலாம். அங்கே அவர் அமைத்த மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பெற்றது, இன்றும் நடைபெறுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுவோர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கியது. அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் உதவியது. இங்கே கொடுப்பவனும் கொள்பவனும் வேறல்லர். வள்ளுவர் ஈகைக்கு முன் ஒப்புரவை வைத்ததன் பொருள் இம்முயற்சியில் நன்கு விளங்குகிறது.

இன்று நிறுவனங்கள் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கணினி வழங்குகின்றன. சுவருக்கு வண்ணம் பூசுகின்றன. அட்டையில் எழுதிய பெரிய காசோலையுடன் படம் எடுத்துக்கொள்கின்றன. அவை வேண்டா என்பார் யாருமிலர். ஆனால் கணினி ஐந்தாண்டில் பழுதாகும். வண்ணம் இரண்டு மழைக்காலத்தில் உதிரும். உதவ முன்வரும் தொழிலதிபரிடம் பள்ளி வாரியமும் ஆசிரியரும் பெற்றோரும் முதற்கண் பேச வேண்டியது நிலத்தைப் பற்றியே. பள்ளி நிற்கும் மண்ணின் பட்டா யார் பெயரில் உள்ளது? அதைப் பள்ளியின் பெயருக்கு மாற்றித் தர இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பிறகு வரவேற்புரை எழுதத் தொடங்கலாம்.